அமாவாசை பார்த்துப் போ

அன்புள்ள மல்லி,

அந்தமான் போய் வந்ததும் விவரமாக எழுதுகிறேன் என்று மார்ச்சில் சொன்னேன். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. நடுவில் இவருக்கு ஆஞ்சியோ, அப்புறம் சின்னவளின் கல்லூரிச் சேர்க்கை, மழைக்கு மொட்டைமாடி ஒழுகல் என்று ஒன்று மாற்றி ஒன்று. இருந்தாலும் நான் எழுதாதது தப்புதான், மன்னித்துக்கொள். இவர் இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். ஊறுகாயை மட்டும் விடமாட்டேன் என்கிறார். நம் தோழி சுந்தரி போன வாரம் வந்திருந்தாள். அதே சிரிப்பு, அதே குடை.

நேற்று நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்து நாளில் ஆறு இடம்! முதல் நாள் செல்லுலார் சிறை, மறுநாள் ராஸ் தீவும் நார்த் பேயும், மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாராடாங், பிறகு ஹேவ்லாக் ஒரு ராத்திரி, நீல் தீவு மூன்று மணி நேரம். இப்படிப் போனால் படகுத்துறையில் வரிசையில் நின்றதுதான் உனக்கு நினைவிருக்கும். உன் மாமியார் முட்டிவலியோடு ஆறு தரம் கப்பலில் ஏறி இறங்க வேண்டும். யோசித்தாயா நீ?

எங்களுக்கும் இதே மாதிரித் திட்டம்தான் போட்டுக் கொடுத்தார்கள். நீல் தீவில் மதியச் சாப்பாடு, மூன்றரை மணிக் கப்பல். துறைக்கு வந்தால் எஞ்சின் கோளாறு, கப்பல் இல்லை என்றார்கள். மறுநாளும் இடம் கிடைக்கவில்லை. இவர் கத்தினார், சின்னவள் அழுதாள், கட்டிய பணம் வராது என்று ஏஜென்ட் போனை வைத்துவிட்டார். கடைசியில் வயலோரம் ஓலை வேய்ந்த ஒரு குடிலில் இரண்டு ராத்திரி தங்கினோம். மல்லி, அந்த இரண்டு நாள்தான் எங்கள் அந்தமான். மற்றதெல்லாம் போட்டோ.

மறுநாள் மாசி அமாவாசை. எனக்கு அது ஞாபகமே இல்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் பொழுது போகாமல், பாறை வளைவு இருக்கிற பக்கம் நடந்தோம். ஹௌரா பாலம் என்று அங்கே சொல்கிறார்கள். நீலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், அதனால் அந்தப் பெயர். ஊர்ப் பெயரெல்லாம் ராமாயணம்: சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். காலையில் அலை அடித்த இடத்தில் கடலே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஈரப் பாறை, அதில் நூற்றுக்கணக்கான குட்டைகள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். பள்ளிக்கூடத்தில் நானே எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த பாடம்! அது என் காலடியில் நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு குட்டையின் ஓரம் குந்தி உட்கார்ந்தேன். உள்ளே பாறையில் ஒரு சிப்பி, நம் விடுதிச் சாப்பாட்டுத் தட்டு அகலம். வாய் திறந்திருந்தது. உதடு அலை அலையாக மடிந்து, மயில்கழுத்து நீலம், நடுவில் பச்சைப் புள்ளி. நான் குனிந்ததும் என் நிழல் மேலே பட்டு, சட்டென்று உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. நிழலை விலக்கினேன். ஒரு நிமிஷம் கழித்து மெல்ல விரித்தது. பார்வை என்று நமக்கு இருக்கிற மாதிரி அதற்குக் கிடையாது. ஆனால் வெளிச்சம் குறைந்தால் தெரிகிறது. அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். சின்னவள் கரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், தானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் என்னோடு பத்து வார்த்தை பேசாத பெண், அங்கே கால் நூலாய் நெளிகிற நட்சத்திர மீனைக் காட்டி, "அம்மா, இங்க பாரு, இங்க பாரு" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். ஒரு வழிகாட்டி கடல் அட்டையைக் கையில் எடுத்து, பிதுக்கித் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், கைக்குக் கை மாற்றினார்கள். கடல் அட்டை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ராமேஸ்வரம் பக்கம் கடத்திப் பிடிபட்டார்கள் என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். இவர் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, கோபப்படாமல் சொன்னார். அவன் அதைத் திரும்பக் குட்டையில் விட்டான். யாராவது உன் கையில் கொடுத்தால் வாங்காதே. சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதே. பவளத்துக்கு விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் பரத்பூர் கரையில் நடந்தோம். ஜனவரியில் நீ போகும்போது ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும், நினைவில் வைத்துக்கொள். நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் ஊர் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. நிலா இல்லாத கருக்கல். டார்ச்சை அணைக்கச் சொன்னாள் சின்னவள். தண்ணீருக்குள் காலை இழுத்தால் விரலைச் சுற்றி நீலமாகப் பொறி பறந்தது. கையில் அள்ளினேன். உள்ளங்கையில் நாலைந்து பொட்டு மின்னி, வழிந்து போயிற்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், அலைத்தால் ஒளிவிடும். ஹேவ்லாக்கில் இதற்காகவே ராத்திரியில் துடுப்புப் படகில் கூட்டிப் போகிறார்கள். நிலவு காய்கிற நாளில் போனால் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், தேதியை அமாவாசையை ஒட்டி வை. பகலில் கடல் வற்றும், இரவில் கடல் ஒளிரும். ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்கும். உன் ஏஜென்டிடம் நட்சத்திர ஓட்டலா என்று கேட்காதே, அன்றைக்குக் கடல் வற்றுகிற நேரம் என்ன என்று கேள். தெரியவில்லை என்றால் தங்குகிற இடத்தில் கேள். படகுக்காரர்களுக்கு அத்துப்படி. தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும்.

அப்புறம் ஹேவ்லாக். 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், நீல் ஷஹீத் தீவு ஆனது, 2024-இல் தலைநகர் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர்தான் சொல்வார், குழம்பாதே. ராதாநகர் கடற்கரையில் சாயங்காலம் உட்கார். எல்லோரும் புகழ்கிறார்களே என்று சந்தேகத்தோடு போனேன், புகழ்ச்சி போதவில்லை. பின்னால் ஆகாயம் முட்டும் மரங்கள், முன்னால் மாவு மாதிரி மணல். ஓரத்தில் காயல் மாதிரி தண்ணீர் உள்ளே வருகிற பக்கம் மட்டும் இறங்காதே. அங்கே 2010-இல் முதலை ஒரு பயணியைக் கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் அதை மதி.

ஹேவ்லாக்கிலேயே எலிஃபன்ட் பீச்சில் உன்னை எப்படியாவது தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. கரையிலேயே நிற்கிற செருப்புக் காவல்காரி, இந்தத் தடவை தப்பிக்க முடியாது! எனக்கும் நீச்சல் தெரியாதே. லைஃப் ஜாக்கெட், கையில் ஒரு ரப்பர் வளையம், அதைப் பிடித்து இழுத்துப் போக ஒரு பையன். மூக்கை மூடுகிற கண்ணாடி, வாயில் குழாய். முதல் இரண்டு மூச்சுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது மூச்சில் தலையைக் கவிழ்த்தேன். மேலே இரைச்சலாக இருந்த உலகம் நின்றுபோய் என் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம். அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி, கறுக், கறுக். கிளி மூக்கு போல வாய் உள்ள ஒரு பச்சை மீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. பவளத்தைக் கடித்து, பாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மணலாக வெளியே விடுகிற மீன். நாம் கால் புதைய நடக்கிற வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு.

ஆனால் மல்லி, பாதிக்கு மேல் சாம்பல் நிறம். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளங்கள் ஒடிந்து குவிந்து கிடந்தன. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப் போனது என்று படித்திருந்தேன். படித்ததும் மேலே மிதந்துகொண்டு பார்த்ததும் ஒன்றல்ல. ஒரு பெரிய வீடு இடிந்து, ஓர் அறையில் மட்டும் விளக்கெரிகிற மாதிரி, ஓர் இடத்தில் மட்டும் ஊதாவும் மஞ்சளுமாக உயிர். அந்தப் பவளத்தின் மேல்தான் ஒருவர் துடுப்புச் செருப்போடு ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நீ நிற்காதே. மீனுக்கு ரொட்டி போடாதே. வெயிலுக்குக் கிரீம் பூசுவதற்குப் பதில் முழுக்கை நீச்சல் உடை போட்டுக்கொள், என்னுடையதையே சுந்தரியிடம் கொடுத்துவிடுகிறேன். கரையில் மணல் பூச்சி கடிக்கும், கைகாலில் தேங்காய் எண்ணெய் தடவினால் எனக்குக் கேட்டது. குளித்துவிட்டு வந்து தடவு, தடவிக்கொண்டு கடலில் இறங்காதே.

ஸ்கூபா கேட்டிருந்தாய். உனக்கு வீசிங் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் அந்தப் பேச்சே வேண்டாம். அங்கே ஒரு படிவம் தருவார்கள், அதில் ஆஸ்துமா உண்டா என்று இருக்கும். எல்லோரும் 'இல்லை' என்று டிக் அடிக்கிறார்கள் என்று நீயும் அடித்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். உன் பையன் செய்யட்டும், ஆனால் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் வேண்டாம். ஆழத்தில் இருந்து வந்தவர் ஒரு நாளாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். மாமியாருக்குப் பரத்பூரில் கண்ணாடி அடிப் படகு இருக்கிறது, உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இனி நான் உன்னோடு சண்டை போடப்போகிற விஷயம். பாராடாங்கை எடுத்துவிடு.

சுண்ணாம்புக் குகையும் சதுப்புக் காட்டு ஓடையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகிற சாலை ஜாரவா என்கிற பழங்குடி மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. வண்டிகளை வரிசை கட்டிக் காவலோடு அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று விதி. எங்கள் திட்டத்திலும் அது இருந்தது. முதல் நாள் இரவு எங்கள் டிரைவர், ராமநாதபுரத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம், நம் தமிழில் சாதாரணமாகச் சொன்னார்: "லக்கு இருந்தா ஜாரவாவப் பாக்கலாம் மேடம்." மானைப் பார்க்கலாம் என்கிற அதே குரல். எனக்குச் சுருக்கென்றது. மனுஷர்களைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கியிருக்கிறேனா? 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தம் 380 பேர். நம் தெருவில் அதற்கு மேல் இருப்போம். வெளியாட்களோடு பழக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே 1999-இல் அவர்களுக்குள் தட்டம்மை பரவியது. நமக்கு வந்து போகிற காய்ச்சல் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. அந்தச் சாலையை அவர்கள் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது, இன்னும் வண்டி ஓடுகிறது. 2012-இல் ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாக்காரர்களுக்காக ஆடச் சொன்ன வீடியோ வந்தது ஞாபகம் இருக்கிறதா? நீதானே அன்றைக்குப் போனில் கொதித்தாய். வழியில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாலை தேவை, அது வேறு. நமக்குத் தேவையில்லை. நாங்கள் போகவில்லை. இவருக்குக் குகை பார்க்காத வருத்தம் இரண்டு நாள் இருந்தது, அவ்வளவுதான்.

சிறைக்குக் கட்டாயம் போ. சிறகு மாதிரி நீண்ட ஏழு கட்டடத்தில் மூன்றுதான் மிச்சம். அறைக்குள் நின்று பார்த்தால் பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். முற்றத்தில் செக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு கைதி நாளுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். உங்கள் கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்குதான் எனக்கு நினைவு வந்தது. சாயங்கால ஒலி-ஒளிக் காட்சியை விட, காலையில் கூட்டம் வருமுன் அந்த அறைக்குள் ஐந்து நிமிஷம் தனியாக நில். ராஸ் தீவும் அழகு, இடிந்த கட்டடங்களை ஆல வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நார்த் பே வேண்டாம், பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டில் அதைப் பார்த்தாயிற்று.

ஆக, போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி, ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் மூன்று. நீலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கையில் ரொக்கம் வை. தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக முடியவில்லை என்று உன் மாமியார் வருஷா வருஷம் வருத்தப்படுவார்களே, சீதாபூரில் சூரியன் கடலில் இருந்து எழும்போது அங்கேயே முழுக்குப் போடட்டும். அவர்களிடம் இன்றைக்கே கேட்டுச் சொல். சரி என்றால் எனக்கும் ஒரு டிக்கெட் சேர்த்துப் போடு. இவரும் சின்னவளும் பத்து நாள் சமாளித்துக்கொள்வார்கள். அந்தச் சிப்பி அதே குட்டையில் இருக்கிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கலா