பாட்டுப் பட்டியல் பற்றி

அன்புள்ள ராகவா,

உன் கடிதமும், மகள் கல்யாண வரவேற்பில் போட நினைக்கும் பாட்டுப் பட்டியலும் வந்தன. மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்னொன்று பாக்கி.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைத் தயவுசெய்து எடுத்துவிடு. 1983-இல் வந்ததிலிருந்து ஊர் உலகமே அதைக் காதல் பாட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நாமும்தான் கேசட் தேயத் தேயக் கேட்டோம். ஆனால் 'தி போலீஸ்' குழுவின் பாடகர் ஸ்டிங் அதை எழுதியது முதல் திருமணம் முறிந்த சமயத்தில். விட்டுப் போனவளின் ஒவ்வொரு அசைவையும் கண்காணித்துக்கொண்டே இருப்பேன் என்கிற ஆளின் பாட்டு அது. மெட்டை மறந்துவிட்டு வரிகளை மட்டும் படித்துப் பார், கொஞ்சம் பயமாகவே இருக்கும். 'எங்கள் கல்யாணத்தில் இதைத்தான் போட்டோம்' என்று தம்பதிகள் வந்து சொல்வதைப் பற்றி அவரே பேட்டியில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' விஷயம் வேறு. 1992-இல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடியதைத்தான் எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், 1973-இல். காதலனுக்காக எழுதவில்லை. போர்ட்டர் வேகனர் என்ற பாடகரின் டிவி நிகழ்ச்சியில் 1967-இலிருந்து டாலி பாடிவந்தார். பெயர் வந்த பிறகு தனியாகப் போக ஆசைப்பட்டார், வேகனர் விடுவதாக இல்லை. எவ்வளவு பேசியும் சண்டைதான் மிச்சம். கடைசியில், சொல்ல வேண்டியதைப் பாட்டாக எழுதிக்கொண்டு போய் அவர் எதிரிலேயே பாடிக் காட்டினார். மனிதர் அழுதுவிட்டார், போகவும் சம்மதித்தார். வேலையை விடுவதற்கு இப்படி ஒரு ராஜினாமா உண்டா, சொல்! (பின்னாளில் அதே வேகனர் அவர் மேல் வழக்குப் போட்டார் என்பது தனிக்கதை.)

அப்புறம் எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட விரும்பினார். பாட்டின் பதிப்புரிமையில் பாதியைக் கொடுத்தால்தான் ஆகும் என்றார் எல்விஸின் மேனேஜர். டாலி மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுதாராம். விட்னி பாடி உலகமே கேட்டபோது உரிமை முழுவதும் டாலி கையில்தான் இருந்தது. இதைப் பட்டியலில் வைத்துக்கொள். பெண்ணை அனுப்பி வைக்கும் நேரத்தில் போட்டால், மாப்பிள்ளையைவிட உனக்குத்தான் அது பொருந்தும்.

'யெஸ்டர்டே' பற்றிக் கேட்டிருந்தாய். மெட்டு பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்குத் தூக்கத்தில் வந்தது, உண்மைதான். வேறு யாருடைய மெட்டோ என்ற சந்தேகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் கொஞ்ச காலம் பாடிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வரிகள் கிடைக்கும்வரை, நம் சினிமாக்காரர்கள் தத்தகாரம் போடுவதுபோல, முட்டைப் பொரியல் என்று பாடி ஒப்பேற்றினார். அந்தச் சோகத்தை முட்டையோடு கேட்டுப் பார்க்க வேண்டும்!

உன் அம்மாவுக்குப் பிடித்த 'குறை ஒன்றும் இல்லை' கட்டாயம் இருக்கட்டும். யாரோ ஆழ்வார் பாடியது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எழுதியவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் எழுதியது என்றால் உன் மாப்பிள்ளை நம்புவானோ என்னவோ.

சின்னவன் கிட்டார் கற்றுக்கொள்கிறானாமே? 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' வாசித்து உயிரை வாங்குகிறான் என்று எழுதியிருந்தாய். கிட்டார் எடுக்கும் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், பொறுத்துக்கொள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகர கேசினோவில் ஃபிராங்க் ஸாப்பா என்ற ராக் இசைக்காரரின் கச்சேரி நடந்தது. கூட்டத்தில் ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியால் (எரியும் வெளிச்சக் குண்டை வீசும் துப்பாக்கி) சுட, கட்டடமே எரிந்துபோனது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் ராக் குழுவினர், பக்கத்து ஏரி மேல் புகை பரவியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு அதுதான். வரிகளில் இருப்பதும் அன்றைக்கு நடந்த கதையேதான், கற்பனை ஒன்றும் இல்லை. பையனிடம் சொல், வாசிப்பதோடு நிறுத்தாமல் பாடவும் செய்வான்.

உன்,
சேகர்