பஞ்ச் நிறைய வாங்குனா ஸ்க்ராப்புக் அழகாயிடாது சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல ஸ்க்ராப்புக் (போட்டோவை ஒட்டி சுத்தி பேப்பர் வேலை பண்ணி ஜோடிக்கிற ஆல்பம்) பண்றத பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல பட்டாம்பூச்சி பஞ்ச், ஸ்டார் பஞ்ச், பார்டர் பஞ்ச், கார்னர் பஞ்ச்னு, பேப்பரை சொருகி அமுக்குனா அந்தந்த வடிவத்துல வெட்டுற கருவிங்களை நீளமா ஒரு லிஸ்ட் போட்டு இதெல்லாம் வாங்கி வச்சுக்கோங்கன்னு எழுதிட்டாங்க, அதை படிச்சுட்டு எங்க தெரு பொண்ணுங்க கும்பகோணம் போயி பை நிறைய வாங்கிட்டு வந்துடுச்சுங்க. இப்ப அதுங்க ஆல்பத்துல எந்த பக்கத்த பொரட்டுனாலும் பட்டாம்பூச்சி தான் பறக்குது, போட்டோவுல யாரு நிக்கிறாங்கன்னே தெரியல.

அமுக்குனா கீழ விழுற துண்டை அப்படியே எடுத்து ஒட்டுறதுக்கு எதுக்கு சார் பஞ்ச், அதுக்கு ஸ்டிக்கரே கடையில கிடைக்குதே. ஒரே ஒரு பஞ்ச் போதும், அதை வச்சு என்னென்ன பண்ணலாம்னு சொல்லிக் குடுத்திருக்கணும். ஹார்ட்டின் பஞ்சையே எடுத்துக்கோங்க, எல்லா கடையிலயும் இருக்கும். பச்சை பேப்பர்ல அமுக்குனா அது வெத்தலை! நிச்சயதார்த்த போட்டோவுக்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனாப்ல அரைவட்டமா அடுக்கி ஒட்டுனா தாம்பாளத்துல அடுக்குன கும்பகோணம் கொழுந்து வெத்தலையே தான் (அதுக்கு 2025-ல புவிசார் குறியீடு கூட கிடைச்சிருச்சுல்ல). அதே ஹார்ட்டின் நாலு எடுத்து கூர்முனை நடுவுல சேர்ற மாதிரி வச்சா பூ. ஒவ்வொண்ணையும் நடுவுல மடிச்சு மடிப்புக்கு மட்டும் பசை தொட்டு ஒட்டுனா இதழ் ரெண்டு பக்கமும் தூக்கிட்டு நிக்கும், வெளிச்சத்துல நிழல் கூட விழும். ரோஸ் கலர்ல கூர்முனை மேல பாக்குற மாதிரி ரெண்டு மூணு வரிசை அடுக்குனா தாமரை.

ஆபீஸ்ல பைல் கட்ட ஓட்டை போடுற பஞ்ச் இருக்குல்ல, அதுல விழுற பொட்டு 6 மில்லிமீட்டர் வட்டம், யாரும் சீண்டாம குப்பையில கொட்டுறது. கறுப்பு சார்ட்ல அந்த வெள்ளை பொட்டை புள்ளி மாதிரி வரிசையா ஒட்டி சுத்தி வெள்ளை ஜெல் பேனாவால சிக்கு கோலம் இழுத்துட்டா மார்கழி மாச பக்கம் ரெடி, காசே இல்ல.

விழுற துண்டை விட எனக்கு அந்த ஓட்டை தான் ரொம்ப பிடிக்கும். ஓட்டை போட்ட பேப்பருக்கு பின்னாடி அரக்கு, மாம்பழ கலர்னு பட்டுப்பொடவை கலர்ல ஒரு துண்டு வச்சு பாருங்க, ஜன்னல் வழியா தெரியிற மாதிரி இருக்கும். ஒரே சிக்கல் பஞ்ச் பேப்பருக்குள்ள ரொம்ப தூரம் போகாது, ஓரத்துலேருந்து கொஞ்ச தூரம் தான். அதுக்கு பேப்பரை மடிச்சுக்கணும், மடிப்பு மேல பஞ்சை பாதி மட்டும் நுழைச்சு அமுக்குனா பிரிக்கும்போது நட்டநடுவுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வடிவம் வரும். ஆடிப்பெருக்குக்கு புள்ளைங்க இழுக்குற சப்பரத்துக்கு கலர் பேப்பரை நாலா மடிச்சு கத்திரியில வெட்டுவோமே, அதே வித்தை தான். பஞ்சை கவுத்து வச்சு பேப்பரை சொருகுனா எங்க வெட்டும்னு கண்ணுக்கே தெரியும், நேர் வச்சு குத்து மதிப்பா அமுக்குனா கோணையா தான் வரும்.

எத்தனை கலர் வைக்கிறதுன்னு குழப்பமா இருந்தா திருவாரூர் ஆழித்தேர்ல தொங்குற தொம்பையை போயி பாக்க சொல்லுங்க. துணியை வடிவம் வடிவமா வெட்டி வேற கலர் துணி மேல வச்சு தைக்கிறது தான் அது, சிவப்பு மஞ்சள் பச்சை வெள்ளைன்னு கொஞ்ச கலர் தான், ஒரே வடிவம் வரிசையா திரும்பத் திரும்ப வரும், தூரத்துலேருந்து பாத்தாலும் கண்ணுல அறையும். நம்ம ஆளுங்க இதை எப்பவோ பண்ணிட்டாங்க, நாம தான் பட்டாம்பூச்சியை புடிச்சுட்டு திரியிறோம்.

பேப்பருக்கு எங்கயும் அலைய வேணாம், வீட்டுல குவிஞ்சு கெடக்குற கல்யாணப் பத்திரிகை போதும், நல்ல அட்டை, ஜரிகை மாதிரி தங்கப் பூச்சு வேற. சாமி படம் இருக்குற பக்கத்தை விட்டுட்டு மத்ததை வெட்டுங்க. ரொம்ப தடிச்ச அட்டையை மட்டும் திணிக்காதீங்க, பஞ்ச் கவ்விக்கும். அப்புறம் அந்த கட்டுரையில பழைய நியூஸ் பேப்பர்ல வெட்டி ஒட்டலாம்னு போட்டிருந்தாங்க, கோச்சுக்காதீங்க சார், உங்க பேப்பர் படிக்கத்தான் நல்லாருக்கும், ஆல்பத்துக்கு ஆகாது. மரக்கூழுல இருக்குற லிக்னின் அதுல போகாம அப்படியே இருக்கும், வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாயி மொறுமொறுன்னு ஆயிடும், பக்கத்துல இருக்குற போட்டோவையும் சேத்து கெடுக்கும். ஆசிட் இல்லாத பேப்பர்னு கேட்டு வாங்குறது நல்லது. தாத்தா பாட்டி கறுப்பு வெள்ளை போட்டோவை ரவுண்டா வெட்டணும்னா ஒரு காப்பி பிரிண்ட் போட்டு அதுல வெட்டுங்க, அசல் மேல பஞ்சே படக்கூடாது.

ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம பக்கம் பேப்பர் நமுத்து போயிடும், அப்ப பஞ்ச் பண்ணுனா ஓரம் பிசிறு பிசிறா தான் வரும், ரெண்டு நாள் பீரோவுல காய வச்சு எடுங்க. பஞ்ச் மழுங்குன மாதிரி இருந்தா சாப்பாடு சுத்துற அலுமினிய ஃபாயில் பேப்பரை ரெண்டு மூணா மடிச்சு நாலஞ்சு தடவை அமுக்குனா பிசிறு போகும், இறுக்கமா இருந்தா மெழுகுவத்தி தேச்ச பேப்பர்ல அமுக்குனா லூசாகும். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்க வேண்டியதே இல்ல.

அடுத்த தடவை வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட்டுக்கு பதிலா ஒரே பஞ்சை வச்சு ஒரு முழு பக்கம் எப்படி பண்றதுன்னு படத்தோட போடுங்க சார். ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி போட்டீங்கன்னா புள்ளைங்களுக்கு சப்பரம் ஜோடிக்கவும் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி