சார்செலிலிருந்து அக்காவுக்கு

சார்செல் (பாரிஸ் பக்கம்),
25.5.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, மாமா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? கத்திரி வெயிலில் முத்தியால்பேட்டையே காய்கிறது என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். “இன்னும் பகல்தானே” என்று சின்னவன் படுக்கவே மாட்டேன் என்கிறான். பள்ளிக்கூட கந்தீன் வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. காலை ஏழு மணிக்குப் போய், பிள்ளைகளுக்குப் பந்தி வைத்து, தட்டெல்லாம் மெஷினில் ஏற்றி இறக்கினால் மூன்றரைக்கு வீடு.

போனில் சொல்ல முடியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

2011-ல் நம்ம பாண்டிச்சேரி பொட்டானிக்கல் கார்டனில் ‘லைஃப் ஆஃப் பை’ ஷூட்டிங் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தில் கப்பல் சமையல்காரராகக் கொஞ்ச நேரம் ஒரு தடித்த ஆள் வருவார். ழெரார் தெபார்தியு. நடிப்பென்றால் சிவாஜி என்போமே, இங்கே அந்த இடம் இவருக்கு. இந்த மாதம் 13-ம் தேதி பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு 18 மாதம் தண்டனை கொடுத்தது. ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை, நிறுத்திவைத்த தண்டனைதான். 2021-ல் ஒரு படப்பிடிப்பில் இரண்டு பெண்களிடம் அத்துமீறினார் என்று வழக்கு. ஒருவர் செட் அலங்காரம் செய்பவர், இன்னொருவர் உதவி இயக்குநர். அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, மேல்முறையீடு செய்திருக்கிறார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. முதல் பந்தி முடிந்து தட்டுகள் வந்துகொண்டிருந்தபோது ஒருத்தி போனைப் பார்த்து இதைச் சொன்னாள். எங்களோடு ஒரு போர்த்துகல்காரி இருக்கிறாள். ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி, தங்கமான மனுஷி, எனக்கு வேலை பழக்கிக் கொடுத்தவள். கையைத் துடைத்துக்கொண்டே, “பாவம் அந்த மனுஷன். எப்பவும் கொஞ்சம் விளையாட்டுத்தனம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழிச்சு இவளுங்களுக்கு என்ன வேணுமாம், பணமா?” என்றாள். எச்சில் கொட்டுகிற வாளியைப் பிடித்திருந்த சின்னப்பெண், அல்ஜீரியக் குடும்பம், “நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?” என்று கேட்டாள். “நானா? அங்கேயே செருப்பைக் கழட்டியிருப்பேன்!” எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சிரித்த பிறகுதான் தொண்டையில் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. இதே வார்த்தையை நம் வீட்டுத் திண்ணையில் அம்மா வாயால் கேட்டிருக்கிறேன். யாரைப் பற்றிச் சொன்னாள் என்று உனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் ஊரில் இதெல்லாம் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். 2023 டிசம்பரில் ஜனாதிபதி மக்ரோனே டிவியில் உட்கார்ந்து, தெபார்தியு பிரான்சுக்குப் பெருமை சேர்ப்பவர், இது மனித வேட்டை என்றார். கிறிஸ்துமஸ் அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அவருக்காகப் பேப்பரில் கடிதம் போட்டார்கள். அதில் சிலர் பிறகு கையெழுத்துப் போட்டதற்கு வருத்தப்பட்டார்கள், சரி. நம்ம பக்கம் மட்டும் என்ன? 2018-ல் பாடகி சின்மயி ஒரு பெரிய பாடலாசிரியர் மேல் புகார் சொன்னார். அவர் மறுத்தார். நம் வீட்டில் எல்லோரும், நான் உட்பட, “இத்தனை நாள் எங்க போயிருந்தா?” என்று கேட்டோம். அந்த நவம்பரில் டப்பிங் யூனியன் சின்மயியை நீக்கியது. சந்தா பாக்கி என்பது அவர்கள் சொன்ன காரணம். கேரளாவில் சினிமாப் பெண்கள் படும் பாட்டைப் பற்றி 2019 கடைசியில் கொடுத்த ஹேமா கமிட்டி அறிக்கை வெளியே வர 2024 ஆகஸ்ட் ஆயிற்று.

ஆனால் இதே ஊரில்தான் போன வருஷம் ஜிசேல் பெலிகோ அம்மாவையும் பார்த்தேன். புருஷனே மயக்க மருந்து கொடுத்து ஊர் ஆண்களை வீட்டுக்கு வரவழைத்திருக்கிறான். கதவைச் சாத்தி விசாரிக்க வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும் என்றார் அந்த அம்மா. டிசம்பரில் 51 பேருக்கும் தண்டனை. அவர் அவிஞோன் கோர்ட்டுக்கு வரும்போது ஜனங்கள் கை தட்டினார்கள். எங்கள் போர்த்துகல்காரி டிவி முன்னால் அழுதாளாம். அழுதவளும் அவள்தான், ‘பணமா’ என்று கேட்டவளும் அவள்தான். அங்கே வீடியோ ஆதாரம் இருந்தது, உண்மை. ஆனால் அந்த 51 பேரில் ஒருவன் படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை, ஒருவன் பாட்டையும் முணுமுணுத்ததில்லை. தெபார்தியு விஷயத்தில் நம்பினால் அவள் கையிலிருந்து ஏதோ போகிறது. ஏழைகளுக்கு உதவுகிற எமாயுஸ் இயக்கத்தை ஆரம்பித்த அபே பியேர் என்ற பாதிரியாரை இங்கே மகான் மாதிரி கொண்டாடினார்கள். 2007-ல் இறந்துவிட்டார். போன ஜூலையில் அவர் மேல் பெண்கள் சொன்னதை அந்த இயக்கமே அறிக்கையாக வெளியிட்டது. என் குளிர்கோட்டு எமாயுஸ் கடையில் வாங்கியதுதான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குமே ‘இருக்காது’ என்றுதான் முதலில் வந்தது.

இப்போது நம்ம கதை. ஆண்டு விழா, பட்டிமன்றம் என்று ஊரே கூப்பிட்டு மாலை போட்ட பேச்சாளர். அவர் வீட்டுக்குப் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சிக்குப் போனோம், நானும் பின்வீட்டுப் பெண்ணும், வேறு வேறு நாளில். அவள் பாதியில் நின்றுவிட்டாள். விஷயம் வெளியே வந்ததும், “அவர் பேச்சைக் கேட்டுத் திருந்தினவங்க எத்தனை பேரு, அவரா?” என்றது தெரு. உனக்குத் தெரியாதது ஒன்று. ஸ்கூல் குழாயடியில் அவள் என்னிடம் மெதுவாக, “நீயும் போறியே, உனக்கு…?” என்று ஆரம்பித்தாள். நான் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, “எனக்கு ஒண்ணும் நடக்கலப்பா” என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டார்கள். “இவளும்தான் போனாள், இவளுக்கு ஒண்ணும் ஆகலையே!” பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். எனக்குப் போட்டியில் கப்.

தெபார்தியு தீர்ப்பில் ஒரு சின்ன விஷயம். கோர்ட்டில் அவருடைய வக்கீல் அந்தப் பெண்களை நடத்திய விதத்துக்கு என்று தனியாக, ஆளுக்கு ஆயிரம் யூரோ கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததற்கு வேறு, அதைச் சொன்னதற்காகப் பட்டதற்கு வேறு. அந்த இரண்டாவது கணக்கில் என் பெயர் இருக்கிறது அக்கா.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது அவளைப் பார்த்ததாகச் சொன்னாயே. மறுபடி பார்த்தால் என் நம்பரை எழுதிக் கொடு. அவள் நம்பரைக் கேட்காதே. எதற்கு என்று கேட்டால், குழாயடி விஷயமாக என்று மட்டும் சொல். அவள் கூப்பிடாவிட்டால் பரவாயில்லை.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம், நான் வரும்போது நானே பேசிக்கொள்கிறேன். ஷோகேஸில் இருக்கும் அந்தக் கப்பை மட்டும் எடுத்துப் பரணில் போட்டுவிடு. அப்புறம், ஆகஸ்டில் யாராவது இங்கே வந்தால் வடவம் கொடுத்து அனுப்பு. இங்கே ‘வதூவான்’ என்று டப்பாவில் போட்டு விற்கிறார்கள், தாளித்தால் ஒரு மணமும் இல்லை.

அன்புடன்,
உன் தங்கை