டைட்டன் ஏரிகளில் இருப்பது பெட்ரோல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டனைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தோம். பூமியை விட்டால், மேற்பரப்பில் ஏரியும் கடலும் நிலைத்து நிற்கும் இடமாக நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் 'பெட்ரோல் கடல்' என்ற தலைப்பில் தொடங்கிக் கடைசியில் போட்ட படம் வரை திருத்த வேண்டியவை நிறைய இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுவார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வெப்பநிலை. 'மைனஸ் 290 டிகிரி செல்சியஸ்' என்று அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு குளிர் பிரபஞ்சத்தில் எங்கும் இருக்க முடியாது, மைனஸ் 273.15-க்குக் கீழே இறங்க இடமே இல்லை. பாரன்ஹீட்டில் இருந்த எண்ணை அப்படியே எடுத்துச் செல்சியஸ் என்று எழுதிவிட்டார்கள் போலும். சரியான எண் மைனஸ் 179 செல்சியஸ், அதாவது 94 கெல்வின். ஏரிகள் இருக்கும் துருவப் பகுதியில் இதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு.

இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும். டைட்டன் ஏரிகளில் இருப்பவை முக்கியமாகத் திரவ மீத்தேனும் ஈத்தேனும். மீத்தேன் மைனஸ் 182.5 டிகிரியில் உறைகிறது, பூமியின் காற்றழுத்தத்தில் மைனஸ் 161.5-இல் கொதிக்கிறது. ஆக அது நீர்மமாக இருக்கக் கிடைப்பது சுமார் 21 டிகிரி இடைவெளிதான். டைட்டனின் தரை வெப்பநிலை அந்தக் குறுகிய இடைவெளிக்குள் விழுகிறது. ஈத்தேனுக்கு இடம் தாராளம்: மைனஸ் 183-இலிருந்து மைனஸ் 89 வரை. துருவத்தில் மீத்தேன் உறையும் விளிம்பில்தான் நிற்கிறது. ஆனால் அதில் ஈத்தேனும் நைட்ரஜனும் கரைந்திருப்பதால், உப்பு போட்ட தண்ணீர் சுழியத்துக்குக் கீழும் உறையாமல் இருப்பதுபோல, அந்தக் கலவையும் உறையாமல் தப்பிக்கிறது.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். பெட்ரோலில் இருப்பவை பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறுகள். ஹெக்சேன் மைனஸ் 95-இலும் ஆக்டேன் மைனஸ் 57-இலும் உறைந்துவிடும். பென்சீனுக்கு நம் குளிர்சாதனப் பெட்டியே போதும், 5.5 டிகிரியிலேயே கட்டியாகும். டைட்டனுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் கொண்டுபோய் ஊற்றினால் அது கண்ணாடிபோல் இறுகி ஏரியின் அடிக்குப் போய்விடும். வீட்டுச் சமையல் எரிவாயுவில் உள்ள இரண்டில் புரோப்பேன் அங்கே நீர்மமாகவே இருக்கும், பியூட்டேன் உறைந்துவிடும். டைட்டன் ஏரிக்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால் எல்.என்.ஜி. கப்பல்களில் வரும் குளிரூட்டிய இயற்கை எரிவாயுவைச் சொல்லலாம். அதுவும் பெரும்பகுதி மீத்தேன்தான்.

டைட்டனில் எரிபொருள் 'பூமியின் எண்ணெய் இருப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு' என்ற வரி கட்டுரையாளரின் கற்பனை அல்ல. சனிக்கோளைச் சுற்றிவந்து ஆராய்ந்த காசினி விண்கலத்தின் ரேடார் குழுவினர் 2008-இல் வெளியிட்ட மதிப்பீட்டிலிருந்து வந்தது அது. ஆனால் அந்த ஒப்பீடு அளவைத்தான் சொல்கிறது. அங்கே கச்சா எண்ணெய் கிடக்கிறது என்று சொல்லவில்லை.

'ஒரு தீக்குச்சி போதும், நிலவே பற்றிக்கொள்ளும்' என்ற வரி படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே தீக்குச்சியை உரசினால் தலையில் உள்ள மருந்து மட்டும் தன்னிடம் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஒரு நொடி சீறும், குச்சி எரியாது. டைட்டனின் காற்று சுமார் 95 விழுக்காடு நைட்ரஜன், மீதியில் பெரும்பகுதி மீத்தேன். தனி ஆக்சிஜன் இல்லை. இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய எல்லாம் பாறைபோல் உறைந்த தண்ணீர்ப் பனிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு கிலோ மீத்தேன் முழுமையாக எரிய நான்கு கிலோ ஆக்சிஜன் வேண்டும். அங்கே எரிபொருளுக்குப் பஞ்சமில்லை, அதை எரிக்கத்தான் வழியில்லை.

ஆழம் பற்றிய பகுதிதான் கட்டுரையில் மிகவும் குழம்பியிருக்கிறது. டைட்டனின் மிகப் பெரிய கடலான கிராக்கனைப் பற்றி, 'கிராக்கன் கடலின் ஆழம் 1,000 மீட்டர் என அளந்துவிட்டார்கள்' என்கிறது. ஆயிரம் என்பது அடிக்கணக்கு. மீட்டரில் சுமார் 300. அதுவும் அளந்ததல்ல, மதிப்பிட்டது. எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சொன்னால் இந்த வேறுபாடு விளங்கும்.

காசினியில் 4 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவும், சுமார் 2.2 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் ரேடாரும் இருந்தன. டைட்டனை எப்போதும் மூடியிருக்கும் செம்மஞ்சள் புகைமூட்டம் சாதாரண ஒளியை மறைக்கும், இந்த அலையை மறைக்காது. 2006 ஜூலை 22 அன்று வட துருவப் பகுதியைச் சாய்வாகப் பார்த்துப் படமெடுத்தபோது கன்னங்கரேலென்ற திட்டுகள் தெரிந்தன. வழவழப்பான பரப்பில் சாய்வாக விழும் அலை மறுபக்கம் தெறித்துப் போய்விடும், விண்கலத்துக்குத் திரும்பாது, அதனால்தான் கருப்பு. ஆனால் அலையை விழுங்கும் மென்மையான தூசிப் படுகையும் கருப்பாகத் தெரியக்கூடும். ஆகவே கருப்பு நிறம் மட்டும் சான்றாகாது. கரையை நோக்கி ஓடிவரும் ஆற்றுத் தடங்கள் ஒரு துணைச் சான்று. டைட்டனின் தென் துருவப் பக்கத்தில் ஒன்டாரியோ என்று பெயரிடப்பட்ட ஏரியில் ஈத்தேன் இருப்பதை அகச்சிவப்பு நிறமாலை 2008-இல் காட்டியது. 2009 ஜூலை 8 அன்று வடக்கே ஓர் ஏரியில் சூரியன் பட்டுக் கண்ணாடிபோல் மின்னியதை அகச்சிவப்புக் கருவி பிடித்தது. குளத்தில் வெயில் பளிச்சிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆழம் அளக்க ரேடாரை நேர் கீழே திருப்ப வேண்டும். 2013 மே 23 அன்று டைட்டனின் இன்னொரு கடலான லிஜியாவுக்கு மேல் காசினி அப்படிப் பறந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு எதிரொலிகள் வந்தன: ஒன்று மேற்பரப்பிலிருந்து, அடுத்தது அடித்தரையிலிருந்து. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் ஆழம். அந்த நீர்மத்தில் ரேடியோ அலை வெற்றிடத்தைவிடச் சுமார் 1.3 மடங்கு மெதுவாகப் போகும். 160 மீட்டர் ஆழம் என்றால் போய்வர 320 மீட்டர். இரண்டாவது எதிரொலி ஏறக்குறைய 1.4 மைக்ரோ வினாடி பிந்தி வரும். லிஜியாவில் கிடைத்த பெரும ஆழம் இந்த 160 மீட்டர்தான். இத்தாலிய ஆய்வாளர் மார்கோ மாஸ்ட்ரோஜியூசெப்பே தலைமையிலான குழு இதைப் பிரித்தெடுத்தது.

அதே எதிரொலியிலிருந்து கலவையையும் கண்டுபிடித்ததுதான் எங்களுக்கு இன்னும் வியப்பானது. ஆழம் கூடக்கூட அடித்தள எதிரொலி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தார்கள். ஈத்தேன் அந்த அலையை மீத்தேனைவிட அதிகமாக விழுங்கும். லிஜியாவில் மங்கியது மிகக் குறைவு. அதனால் மீத்தேனே மிகுதி. ஏறத்தாழ 71 விழுக்காடு மீத்தேன், 17 நைட்ரஜன், 12 ஈத்தேன் என்பது கணக்கு. இதே முறையில் பூமியில் கடலாழம் பார்க்க முடியாது. தண்ணீர் இந்த அலையைச் சில மில்லிமீட்டரிலேயே குடித்துவிடும்.

கிராக்கனில் என்ன ஆயிற்று? அதன் வடகோடியில் உள்ள மோரே விரிகுடாவில் அடித்தளம் தெரிந்தது, ஆழம் சுமார் 85 மீட்டர். நடுக்கடலில் இரண்டாவது எதிரொலி வரவே இல்லை. ஆழம் மிகுதியாக இருக்கலாம், அல்லது அங்கே அலையை அதிகம் விழுங்கும் கலவை இருக்கலாம். கலவை விரிகுடாவில் உள்ளதுபோலவே இருந்தால் 100 மீட்டருக்கு மேல், 300 மீட்டர் வரை போகலாம் என்பதுதான் மதிப்பீடு. 'அளந்துவிட்டார்கள்' என்று எழுத இதில் இடமில்லை.

கருவி திணறிய இன்னொரு தருணமும் உண்டு. 2008 டிசம்பரில் ஒன்டாரியோ ஏரியின் மேல் ரேடார் நேராகப் பார்த்தபோது, பரப்பு அத்தனை வழவழப்பாக இருந்ததால் எதிரொலி கருவியின் தாங்கும் அளவை மீறி வந்துவிட்டது. ஏற்ற இறக்கம் 100 மீட்டர் அகலத்தில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். கட்டுரை சொல்லும் 'மலை போன்ற அலைகள்' எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.

லிஜியாவில் 2013 ஜூலையில் ஒரு வெளிச்சத் திட்டு தோன்றிப் பிறகு மறைந்தது உண்மை. அதை 'மர்மத் தீவு' என்று கட்டுரை நிறுத்திக்கொள்கிறது. விளக்கங்கள் மூன்று முன்வைக்கப்பட்டுள்ளன: சிற்றலைகள், மிதக்கும் திடப்பொருள், நைட்ரஜன் குமிழிகள். மூன்றாவது சுவாரசியமானது. குளிர்ந்த மீத்தேனில் நைட்ரஜன் நிறையக் கரையும். சற்றே சூடேறினாலும், ஈத்தேன் மிகுந்த நீர்மம் கலந்தாலும் வெளியேறும், கோலி சோடாவைத் திறந்ததுபோல. கிராக்கனில் நீர்மூழ்கி விடுவது பற்றி ஆராய்ந்த பொறியாளர்களுக்கு இதுவே தலைவலி. கலத்தின் உடல் சூட்டிலேயே சுற்றிலும் குமிழி கிளம்பினால் ஒலியலையால் ஆழம் பார்க்கும் சோனார் கருவிக்கு எதிரே திரை விழுந்ததுபோல் ஆகும். அழுத்தம் மட்டும் அவர்களுக்குத் தொல்லை தராது. ஈர்ப்பு பூமியின் ஏழில் ஒரு பங்கு, நீர்மத்தின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழப் பாதி. லிஜியாவின் அடியில்கூட நீர்மத்தின் எடையால் கூடும் அழுத்தம், நம் கிணற்றில் 11 மீட்டர் இறங்கினால் கூடும் அளவுதான்.

அடர்த்தி குறைவு என்பதால் 'பனிப்பாறைகள் மிதக்கின்றன' என்ற வரியையும் நீக்க வேண்டும். தண்ணீர்ப் பனி அங்கே கல்போல் மூழ்கும். தேக்குக் கட்டையும் மூழ்கும், கார்க் மிதக்கும்.

பரப்பளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிஜியா கிட்டத்தட்டத் தமிழ்நாட்டின் அளவு, கிராக்கன் காஸ்பியன் கடலைவிடச் சற்றுப் பெரியது. ஆனால் 'நிலவு முழுதும் ஏரிகள்' என்பது தவறு. தரையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் நீர்மம். அதில் 97 விழுக்காடு வட துருவத்தை ஒட்டி 900-க்கு 1,800 கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்குகிறது. நடுக்கோட்டுப் பகுதி மணல்மேடு. தெற்கே ஏன் குறைவு? சனியின் பாதை சற்று நீள்வட்டமானது. இப்போதைய நிலையில் தெற்குக் கோடை சூரியனுக்கு அருகில் வருவதால் குறுகியது, கடுமையானது. வடக்குக் கோடை நீண்டது, மிதமானது. அதனால் மீத்தேன் வடக்கே சேர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் இது தலைகீழாகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். (பெயர்களைப் பற்றி ஒரு சேதி: அங்கே கடல்களுக்குப் புராணக் கடற்பூதங்களின் பெயர், ஏரிகளுக்குப் பூமியின் ஏரிப் பெயர். மணிப்பூரின் லோக்டாக் ஏரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.)

காசினியோடு சென்று 2005 ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் கலம், கட்டுரை சொல்வதுபோல் ஏரியில் விழவில்லை. நடுக்கோட்டுக்குத் தெற்கே 10 டிகிரியில், பனிக் கூழாங்கற்கள் கிடந்த தரையில் இறங்கியது. வடக்கே உள்ள கடல்களுக்கும் அதற்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். 2028 ஜூலையில் ஏவத் திட்டமிட்டு 2034-இல் சேரவிருக்கும் நாசாவின் டிராகன்ஃபிளை பறக்கும் கலமும் ஏரிப் பக்கம் போகாது. செல்க் பள்ளத்துக்கு அருகே மணல்மேட்டில்தான் இறங்கும். அப்போது வட துருவத்தில் குளிர்கால இருட்டு. பூமியும் அங்கிருந்து அடிவானத்துக்கு மேலே வராது, நேரடித் தகவல் அனுப்ப வழியில்லை. லிஜியாவில் மிதக்கும் கலம் ஒன்றை விட முன்மொழிந்தார்கள். 2012-இல் நாசா அதை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கான இன்சைட் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது.

கடைசியாக, அந்தப் படம். நீலக் கடல், மேலே அகன்ற வளையங்களோடு சனி. அடியில் 'காசினி எடுத்த புகைப்படம்' என்று போட்டிருக்கிறீர்கள். திரவ மீத்தேனுக்கு நிறமில்லை. வானம் செம்மஞ்சள் புகை. தரைக்கு வரும் வெளிச்சம் பூமியில் கிடைப்பதில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் புகை வழியே சனி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும், டைட்டன் சுற்றுவது கிட்டத்தட்ட வளையங்களின் தளத்திலேயே என்பதால், வளையம் கத்திமுனைபோல் ஒரு மெல்லிய கோடாகத்தான் இருக்கும். மறுபதிப்பு வந்தால் படத்தின் அடியில் 'ஓவியரின் கற்பனை' என்று இரண்டே சொல் சேர்த்தால் போதும். வெப்பநிலை எண்ணையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
பாளையங்கோட்டை.