பழவேற்காடு: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சென்னைக் கடலோரப் பயணக் கட்டுரையில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனத் தெற்கே மூன்று பக்கம். வடக்குக்குக் கிடைத்தது ஒரே வரி: "அந்தப் பக்கம் துறைமுகமும் புகையும்தான், வேண்டுமானால் பழவேற்காட்டில் படகு சவாரி போகலாம்."

2011 கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது தாங்கள் அறியாததல்ல. அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை விதித்தார்கள். மீன்பிடிப் படகில் கூப்பிட்டாலும் ஏறக் கூடாது. ஏரி அசையாமல் கிடப்பதுபோலத் தெரியும். ஆனால் அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், கடலலையும் ஏரி நீரோட்டமும் அங்கேதான் மோதும். போட்டோ எடுக்க நாலு பேர் ஒரே பக்கம் எழுந்தால் போதும், படகு சாய்ந்துவிடும்.

கரையிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையை 1613இல் கட்டினார்கள், அதாவது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் முன்பே. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. அதன் வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளை நின்று பார்க்க வேண்டும். பூநாரைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் காலையில். வெயில் ஏறினால் தூரத்தில் வெள்ளைப் புள்ளிதான். அது நின்றபடி சேற்றை அலசித் தின்னும் பறவை. மழையில் தண்ணீர் ஏறிவிட்டால் ஆழமில்லாத இடம் தேடிப் போய்விடும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியும் முன்பே போக வேண்டும். ஏலம் கூடைக் கணக்கில் நடக்கும். ஒரு கிலோ போதுமென்றால் வெளியே கூறு கட்டி விற்கும் பெண்களிடம் வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, பெரிய மீனை எதிர்பார்க்க வேண்டாம். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியும் கடலோரத்தில்தான் இருக்கிறது. இதில் ஒன்றுகூடவா கண்ணில் படவில்லை?

துறைமுகம் என்று எழுதினீர்கள். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் கடல்மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்ததில் மெரினா அகன்றது. ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இன்று அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய தூண்டில் வளைவுக் கருங்கல்தான் எங்கள் கடற்கரை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல். 2017இலும் 2023இலும் எண்ணெய்க் கசிவு. இத்தனையும் தாங்கும் ஊர்களை 'புகை' என்ற ஒரே சொல்லில் தள்ளியது வலிக்கிறது, ஐயா. குற்றச் செய்திக்கும் வெள்ளச் செய்திக்கும் மட்டும் எங்கள் ஊர்ப் பெயர் வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாக இரண்டு வரி போதும்: பழவேற்காட்டில் படகு சவாரி கூடாது, இறங்க வேண்டிய ஸ்டேஷன் பொன்னேரி. பொங்கல் விடுமுறைக் கூட்டம் கிளம்பும் முன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை-19