காணி உறுதி கைக்கு வரும்வரை தவணைக் காசை விடாதீர்கள்
இந்திய வெளியுறவு அமைச்சுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

புதுடில்லி வெளியுறவு அமைச்சின் அபிவிருத்திப் பங்காண்மைப் பிரிவு அதிகாரிகளுக்கும், கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்ட அன்றே, கடற்படை விழாவுக்காகக் கொழும்பு வந்திருந்த உங்கள் விக்ராந்த் கப்பலிலிருந்து நிவாரணப் பொருட்கள் இறங்கின. மீட்புப் படையினர் வந்தார்கள். மஹியங்கனையில் உங்கள் இராணுவ மருத்துவர்கள் கள மருத்துவமனை போட்டு வைத்தியம் பார்த்தார்கள். கிளிநொச்சியில் உடைந்த பாலத்துக்குப் பதிலாகப் பெய்லி பாலம் போட்டுத் தந்தீர்கள். 600 பேருக்கு மேல் செத்துப் போன ஒரு பேரழிவில் முதலில் வந்து நின்றவர்களை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் டிசம்பர் 23ஆம் திகதி உங்கள் வெளியுறவு அமைச்சர் கொழும்புக்கு வந்து 450 மில்லியன் டொலர் உதவியை அறிவித்தார். 350 மில்லியன் சலுகைக் கடன், 100 மில்லியன் நன்கொடை. வீதி, ரயில் பாதை, பாலம், ஆஸ்பத்திரி, பாடசாலை, விவசாயம் என்று நீண்ட அந்தப் பட்டியலில், முழுதாகவும் பாதியாகவும் இடிந்த வீடுகளைக் கட்ட உதவுவோம் என்றும் ஒரு வரி இருந்தது. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். "இடிந்த வீடு" என்று உங்கள் கோப்பில் எழுதும்போது எங்கள் பக்கத்தில் இடிந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை; முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை. இப்படி ஆறோ பத்தோ காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டுக்குக் கேட்கும். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனால் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து அவனுக்குக் கொடுப்பார்கள். அடுப்பு பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குப் போகும். அந்தக் கொட்டிலைப் போடக்கூட தோட்டத்துரையிடம், அதாவது தோட்ட நிர்வாகியிடம், கேட்க வேண்டும். கரண்ட் இழுக்க அவருடைய கடிதம் வேண்டும். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டிருந்தால்தான் நிம்மதி. எல்லோரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் "காம்பராவை எப்போது விடுகிறாய்" என்று கேள்வி வரும்.

காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. குத்தகை 2045 வரை. இந்த இரண்டுக்கும் நடுவில், ஐந்தாறு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவர்களுக்குக் காணியில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது.

இனி, புயலுக்குப் பிறகு எங்கள் அரசாங்கம் அறிவித்ததைப் பாருங்கள். முழுதாக இடிந்த வீட்டைக் கட்ட 50 லட்சம் ரூபாய்; அரச காணி கிடைக்காவிட்டால் காணி வாங்க இன்னும் 50 லட்சம் வரை. நல்ல அறிவிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் லயக் காம்பரா யாருடைய வீடு? பதிவேட்டில் அது கம்பனியின் கட்டடம். எட்டுக் காம்பரா உள்ள லயம் சரிந்தால் இடிந்தது ஒரு கட்டடமா, எட்டு வீடா? ஒரு காம்பராவுக்குள் இரண்டு குடும்பம் இருந்தால் அப்போது எத்தனை வீடு? கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் இந்தக் கேள்வியோடு போய் நிற்பவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுக்கிறேன். சொந்த வீட்டுக்காரனின் மனு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். லயத்துக்காரனின் மனுவில் முதல் இரண்டு பக்கம் தான் யார் என்று விளக்கவே போய்விடுகிறது.

உங்கள் காசு இந்தச் சிக்கலுக்குள்தான் வந்து விழப் போகிறது. அதனால் உங்கள் பழைய கதையையே உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

2010இல் யுத்தம் முடிந்த கையோடு 50,000 வீடு கட்டித் தருவதாகச் சொன்னீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி வேலை பெரிய அளவில் தொடங்கியது. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம், திருத்த வேலைக்கு இரண்டரை லட்சம். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், காசு உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போனது. நடுவில் அமைச்சரும் இல்லை, கொந்தராத்துக்காரனும் இல்லை. அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது, கூரைக்கு இன்னொன்று. புருஷனை இழந்த பெண்கள் மேசன் பாஸிடம் பேரம் பேசி, மண் சுமந்து, தாங்களே நின்று கட்டினார்கள். ஐந்தரை லட்சம் போதாமல் கடன்பட்டவர்கள் நிறையப் பேர், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் பார்த்தவரை, வெளிநாட்டு உதவியில் இந்த நாட்டில் நடந்த வீட்டுத் திட்டங்களில் மரியாதையாக நடந்தது அதுதான்.

அந்த 50,000இல் மலையகத்துக்கு 4,000. அது தொடங்கியது 2016இல். ஏன் இவ்வளவு தாமதம்? வடக்கில் பெரும்பாலானவர்களுக்குக் காணி இருந்தது, வீடு இல்லை. எங்களுக்குக் காணியும் இல்லை. ஏழு பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியைக் கம்பனியிடமிருந்து பிரித்து எடுப்பதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. 2017 மே மாதம் உங்கள் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு என்றார். மைதானம் கொள்ளாத கூட்டம், கைதட்டல் அடங்கவே இல்லை. அதில் முதல் 1,300 வீட்டுக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில், அதுவும் காணொளி வழியாக. பிரதமர் வந்தபோது ஐந்தாம் ஆண்டில் இருந்த பிள்ளை அதற்குள் ஏ.எல். (உயர்தர) வகுப்புக்கு வந்துவிட்டாள். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி 2,000 குடும்பங்களுக்குப் பத்திரம் கொடுத்தார். அது காணி உறுதியா, வீடு தருவோம் என்ற வாக்குறுதிப் பத்திரமா என்று எங்கள் அரசியல்வாதிகளுக்குள் உடனே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. வாங்கியவர்கள் அதைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், பாவம்.

காசைப் பொறுத்தவரை நீங்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்பதரை லட்சமாக இருந்தது இப்போது 28 லட்சம். எங்கள் அரசாங்கம் அதன்மேல் நாலு லட்சம் போடுகிறது. 550 சதுர அடி வீடு. லயத்தில் பிறந்தவனுக்கு அது மாளிகைதான். குறை, வீடு நிற்கும் மண்ணில்.

அதிலும் எந்த மண் என்பது ஒரு தனிக் கதை. கொழுந்து நன்றாக விளையும் சமதரையை எந்தக் கம்பனியும் மனம் விரும்பித் தராது. தருவது கல்லும் சரிவுமாக, தேயிலை செத்துப்போன துண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சனங்கள் ஏன் எழும்பவில்லை என்று அப்போது தொலைக்காட்சியில் கேட்டார்கள். எங்கே போவது? சொந்தக் காணி இருப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை லயத்துக்காரனிடம் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? டித்வாவிலும் அதேதான். சிவப்பு எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். மலையகத்தில் நீங்கள் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும், முதல் தவணையை விடுவதற்கு முன் பயனாளியின் கையில் காணி உறுதி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பதிவுக் கந்தோரில் பதிவான, விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதவும் முடிகிற உறுதி. அத்திவாரம் பார்த்துத் தவணை விட்டவர்களுக்கு உறுதியைப் பார்த்துத் தவணை விடுவது பெரிய வேலையா? உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். கொழுந்துக் கூடையைச் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான், எழுத்தில் மட்டும் ஆண்களின் பெயர் வரும் வழக்கத்துக்கு உங்கள் காசு துணை போக வேண்டாம்.

"அது இலங்கையின் உள்விவகாரம், கொடுக்கிற நாடு நிபந்தனை போடக் கூடாது" என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். என்னிடமே ஒருவர் மிகவும் மரியாதையாக அப்படிச் சொன்னார். ஆனால் நீங்கள் நிபந்தனையே போடாத நாடு அல்லவே. உங்கள் சலுகைக் கடனில் நடக்கும் வேலைகளுக்குப் பொதுவாகப் பொருளிலும் சேவையிலும் முக்கால்வாசி இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும் என்பது உங்கள் விதி. தண்டவாளம் எங்கே வாங்குவது என்று சொல்ல முடிந்தவர்களால், வீடு யார் பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாதா? அதுவும் ஏழு பேர்ச் தருவது என்பது இலங்கை அரசாங்கமே கொள்கையாக ஏற்றுக்கொண்ட விஷயம். அவர்கள் தலையாட்டியதைத்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

உள்விவகாரம் என்ற பேச்சில் எனக்கு இன்னொரு வருத்தமும் இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உங்கள் தலைநகரில்தான் கையெழுத்தானது. இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்கள் 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன: 5,25,000 உங்களுக்கு, 3,00,000 இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். என் சித்தப்பா குடும்பமும் கூடலூர்ப் பக்கம்தான் போனது. அங்கேயும் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி பண்ண வேண்டுமே என்ற அதே கவலை. ஆகவே தோட்ட வீடு என்றால் என்ன என்று உங்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்களைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் நீங்கள் அறுபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த உதவியைத் தர்மம் என்று நான் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வாங்கும் பழக்கத்தை மாற்றி, அறிக்கை வந்த பிறகு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர், கரண்ட், வீதி மூன்றும் இலங்கை அரசாங்கத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பூசி வெள்ளையடித்த வீடுகள் தண்ணீர்க் குழாய் வராமல் பூட்டிக் கிடந்ததை நான் போகவர வருடக் கணக்கில் பார்த்தேன். சனங்கள் கீழே லயத்திலிருந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவார்கள். கட்டுவதை வடக்கில் செய்த மாதிரி குடும்பத்தின் கணக்குக்கே காசை விட்டுச் செய்யுங்கள். எங்கள் ஆட்களுக்குச் சொந்தமாகக் கட்டத் தெரியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து ஸ்டோரையும் பங்களாவையும் கட்டியது யார் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பயனாளிப் பட்டியல். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறான், தேர்தலில் யாருக்குக் கை தூக்கினான் என்று பார்த்துப் பெயர் போடும் வழக்கம் இங்கே எல்லாக் கட்சிக்கும் பொது. பட்டியல் தயாரானதும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, புள்ளி போட்ட விதத்தையும் சேர்த்து, ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஆட்சேபனை சொல்ல ஒரு மாதம் கொடுங்கள். ஆட்சேபனைகளைத் தோட்டத்து ஒஃபிஸில் கொடுக்கச் சொல்லாமல், கண்டியில் உள்ள உங்கள் உதவி உயர்ஸ்தானிகராலயத்துக்கே தபாலில் அனுப்ப வழி செய்யுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் நாலு பேராவது இருக்கிறோம்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன்