உன் பீப்பாய் ஏலைச் சுவைத்த பின் எழுதுவது

லூவன், பெல்ஜியம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். உன் நண்பரிடம் நீ கொடுத்தனுப்பிய பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. அன்றைக்கே திறந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். ஆனால் விமானத்திலும் வண்டியிலும் குலுங்கி வந்த பாட்டிலில் அடியில் படிந்திருந்த ஈஸ்ட் மண்டி முழுவதும் கலங்கியிருக்கும் என்பதால், அதை நிமிர்த்தி வைத்து, நிலவறையில் ஒரு வாரம் தெளிய விட்ட பிறகுதான் திறந்தேன். நீ முதன்முதலாக உன் பொறுப்பில் திட்டமிட்டுக் காய்ச்சிப் பீப்பாயில் இட்ட ஏல் வகைப் பீர் இது என்பதால், தொலைபேசியில் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை. என் கருத்து முழுவதும் எழுத்தில் உன் கையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உன் ஏலைத் தனியாகச் சுவைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இங்குள்ள ஷிமே மடத்துத் துறவிகள் பீப்பாயில் முதிரவைத்து வெளியிடும் கிராண்ட் ரிசர்வ் பாட்டில் ஒன்றையும் வாங்கி வந்து, இரண்டையும் ஒரே மாதிரியான, காலுள்ள அகன்ற கோப்பைகளில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். இரண்டும் 13 டிகிரி வெப்பத்தில் இருந்தன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் இந்த வகை ஏல் வாயே திறக்காது; வாசனைப் பொருள்கள் ஆவியாகி மேலெழ அதற்குச் சற்று வெதுவெதுப்பு வேண்டும். உங்கள் கூடத்தில் இதை எத்தனை டிகிரியில் பரிமாறுகிறார்கள் என்பதை நீ கவனித்துச் சொல்.

பார்வைக்கு உன் ஏல் குறையில்லாதது. நுரை பழுப்பேறிய வெண்மையில் இரண்டு விரற்கடை எழுந்து, மெல்ல அடங்கி, கோப்பையின் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமாக நெடுநேரம் நின்றது. பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து, கரியமில வாயுவை இழந்து, ஈஸ்டும் களைத்துப்போன ஓர் ஏலை மீண்டும் பாட்டிலில் நொதிக்கவைத்து இப்படி நுரை எழுப்புவது எளிதான வேலையல்ல; புதிய ஈஸ்டையும் சர்க்கரையையும் நீ அளவு தவறாமல் சேர்த்திருக்கிறாய் என்பது ஊற்றும்போதே தெரிந்தது. மேசையில் இருக்கும்போது கறுப்பாகத் தெரிந்த நிறம், விளக்குக்கு நேரே பிடித்தபோது ஓரங்களில் மாணிக்கச் சிவப்பாக மாறியது. கருக வறுத்த மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தைக் கொட்டி நிறம் ஏற்றாமல், காய்ச்சி இருண்ட சர்க்கரைப் பாகைக் கொண்டு ஏற்றியிருக்கிறாய் என்பதற்கு அதுவே சான்று, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் பாகின் வாசனை, ஊரில் பாட்டி கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது அடுப்படியில் எழும் வாசனையைப் போன்றதுதான். ஆனால் ஏலில் அது செய்யும் வேலை வாசனையோடு முடிவதில்லை. அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதியை ஈஸ்ட் முழுமையாக உண்டு மதுவாக மாற்றிவிடுவதால், 10 சதவீதத்தைத் தாண்டிய வலிமையிலும் ஏல் நாக்கில் பிசுபிசுக்காமல் வழுக்கிச் செல்கிறது. வெறும் மால்ட்டைக் கொண்டே அந்த வலிமையை எட்டுபவர்கள் இரண்டாவது மிடறிலேயே திகட்டவைத்துவிடுகிறார்கள்.

இந்த நாட்டில் இப்படி வலிமையான கரும் ஏல்கள் தழைத்ததற்கு ஒரு காரணம் சட்டம். 1919இல் கொண்டுவரப்பட்ட வாண்டர்வெல்டே சட்டம், பொது இடங்களில் ஜெனீவர் போன்ற வடிமதுவைப் பரிமாறுவதைத் தடைசெய்தது. கடையில் வாங்குவதென்றாலும் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும் என்று விதித்ததால், கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத விலையானது. சுள்ளென்று ஏறும் பானத்துக்குப் பழகியிருந்த நாக்குகளுக்குப் பீர் காய்ச்சுபவர்கள் வலிமையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தடை 1983 வரை நீடித்தது. ஷிமேயின் நீலமூடி ஏல் முதலில் கிறிஸ்துமஸ் பீராகப் பிறந்தது. போருக்குப் பிறகு அந்த மடத்தின் பீர்த் தொழிலை மீட்டெடுத்த தந்தை தியோடோருக்குத் துணைநின்ற ஜான் டி கிளெர்க் இங்கே லூவன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய கல்லறை, ஷிமே ஏல் பிறக்கும் ஸ்கூர்மோன் மடத்திலேயே இருக்கிறது. துறவி அல்லாத ஒருவருக்கு ஒரு மடம் கொடுக்கக்கூடிய மரியாதையில் அதைவிடப் பெரிது எதுவென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஏலின் உயிர் அவர்கள் அங்கே பிரித்தெடுத்த ஈஸ்டில்தான் இருக்கிறது.

நீ பயன்படுத்தியது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்; அதன் கதை வேறு. போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில்தான் முதிரவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய்கள் அங்கே மலைபோல் குவிகின்றன. சிகாகோவில் 1990களில் ஸ்டவுட் என்ற கருகிய மால்ட் பீர் ஒன்றை அவற்றில் ஊற்றிப் பார்த்ததிலிருந்து அது ஒரு பெரும் வழக்கமாகிவிட்டது. ஸ்டவுட்டுக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை. கருகிய மால்ட்டின் கசப்பு எவ்வளவு மரத்தையும் விஸ்கியையும் தாங்கிக்கொள்ளும். பெல்ஜிய ஏலுக்கு அந்தக் கவசம் கிடையாது. அதன் அழகெல்லாம் ஈஸ்ட் தரும் மென்மையான பழ வாசனையிலும் மிளகு, கிராம்பு போன்ற நெடியிலும் இருப்பதால், பீப்பாய் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் அது அடங்கிப்போகும். உனக்கு இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான்: உன் ஏலில் பீப்பாய் முன்னால் வந்து நிற்கிறது, ஏல் அதன் பின்னால் நிற்கிறது.

எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்கிறேன். கோப்பையை மூக்கருகே கொண்டுசென்றவுடன் முதலில் வந்தது தேங்காயும் வனிலாவும் போர்பனும்தான். தேங்காய் வாசனை அமெரிக்க ஓக்கில் மிகுதியாக உள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருளிலிருந்து வருவது. வனிலா, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நெருப்பில் சிதைவதால் வருவது. அவற்றுக்கடியில் ஒரு கிராம்பு வாசனை இருந்தது. அது ஈஸ்டின் கிராம்பா மரத்தின் கிராம்பா என்பதைப் பிரித்தறிய எனக்கு வெகுநேரம் பிடித்தது. பெல்ஜிய ஈஸ்ட், மால்ட்டிலுள்ள ஃபெரூலிக் அமிலத்தை மாற்றி உண்டாக்கும் கிராம்பு சற்றுப் புகையோடியது, மருந்து நெடி கலந்தது. ஓக் தரும் யூஜினால் என்ற வாசனைப் பொருளின் கிராம்பு இனிப்பானது, கறிமசாலாப் பெட்டியைத் திறந்தாற்போல் இருப்பது. உன் கோப்பையில் இருந்தது இரண்டாவது. முதலாவது இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஏல் முதிர முதிர ஈஸ்டின் கிராம்பு தானாகவே குறையும் என்பதையும், அதில் ஒரு பகுதி வனிலா மணம் தரும் வனிலினாக மாறும் என்பதையும் லூவன் ஆய்வாளர்கள் 2008இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே முதிர்ந்த பெல்ஜிய ஏல் மரமே படாமலும் ஓரளவு வனிலா வாசனையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு மேலும் வனிலாவை நீ வெளியிலிருந்து ஊட்டத் தேவையில்லை.

அரைமணி நேரம் கழித்து, கோப்பை என் கையின் சூட்டில் இளகிய பிறகு, பேரீச்சையும் உலர்திராட்சையும் கொஞ்சம் அத்திப்பழமும் எழுந்தன. எனக்குப் பெருமிதம் பொங்கியது அந்த நேரத்தில்தான். அடிப்படை ஏல் நல்ல ஏல், அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது, பொறுமையாக நொதிக்கவைக்கப்பட்டது. சுவையில் முதல் மிடறு இனித்தது, நடுவில் சற்று வெறுமை தட்டியது, முடிவில் ஈறுகளை உலர்த்தும் துவர்ப்பு நின்றது. அந்தத் துவர்ப்பு மரத்தின் டானின். இன்னும் இரண்டு மாதம் பீப்பாயில் கிடந்திருந்தால் அதுவே ஆட்சி செய்திருக்கும். காடிப் புளிப்பு துளியும் இல்லை, நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் இல்லை. பீப்பாய்க்குள் காற்று புகாமல் நீ காத்திருக்கிறாய். அனுபவசாலிகளே தடுமாறும் இடம் அது. ஷிமேயின் கோப்பையில் காக்னாக் பிராந்தியும் மரமும் இருந்தன, ஆனால் அவற்றைத் தேடினால்தான் கிடைத்தன. முதலில் வந்து கைகொடுத்தது அவர்களுடைய ஈஸ்ட். அவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பீப்பாயை மாற்றுகிறார்கள், காக்னாக், ரம், விஸ்கி என்று. எந்த ஆண்டின் பாட்டிலைத் திறந்தாலும் இது ஷிமே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பாய். பீப்பாயைக் கைவிடச் சொல்லவில்லை. மேற்கு ஃபிளாண்டர்சில் ரூசலாரேயில் உள்ள ரோடன்பாக் பீர் ஆலைக்கு உன்னைச் சிறுவயதில் அழைத்துச் சென்றது நினைவிருக்கலாம், அந்த உயர்ந்த ஓக் தொட்டிகளுக்கு இடையே நீ ஓடி ஒளிந்தாய். அவர்களுடைய ஏல் வலிமை குறைந்தது, புளிப்பு வகையைச் சேர்ந்தது, உன்னுடையதோடு நேராக ஒப்பிடத் தக்கதல்ல. ஆனால் அவர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் ஓக்கில் கிடக்கும் ஏல் மரத்தைக் கடித்தாற்போல் இல்லாமல் இருப்பதற்குக் காரணம், தலைமுறைகளாகப் பயன்பட்ட மரத்தில் வாசனை தேய்ந்துபோனதும், தொட்டியின் அளவும். அவற்றுள் பெரியவை 60,000 லிட்டருக்கு மேல் கொள்பவை; உன் 200 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் ஏலைத் தொடும் மரத்தின் பரப்பு அங்கே ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். அவ்வளவும் இருந்தும் அவர்கள் பழையதை அப்படியே பாட்டிலில் அடைப்பதில்லை. அவர்களுடைய கிராண்ட் க்ரூ ஏலில் மூன்றில் இரண்டு பங்கு முதிர்ந்தது, ஒரு பங்கு இளையது. வழக்கமான ரோடன்பாக்கில் முதிர்ந்தது கால் பங்குதான்.

நீயும் கலந்து பார். பீப்பாயில் இருந்த ஏலோடு, அதே முறையில் காய்ச்சி எஃகுத் தொட்டியில் மட்டும் முதிர்ந்த ஏலைச் சேர்த்து, முதலில் ஆய்வகக் குழாயில் பாதிக்குப் பாதி, பிறகு மூன்றில் ஒரு பங்கு, பிறகு கால் பங்கு என்று இறக்கிக்கொண்டே வந்து, ஈஸ்டின் கிராம்பு எந்த இடத்தில் திரும்பவும் கேட்கிறது என்று மூக்கால் தேடு. அடுத்த முறை அந்தப் பீப்பாயை இரண்டாம் தடவையாகப் பயன்படுத்தினால் விஸ்கி தானாகவே தணிந்திருக்கும். அப்போது கலப்பு விகிதத்தை மறுபடி பார்க்க வேண்டும். அதோடு, மாதத்துக்கு ஒருமுறையாவது பீப்பாயிலிருந்து சுவைத்துப் பார்த்துக் குறித்துவை. வாரத்துக்கு ஒருமுறை திறக்காதே, திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகும்.

இன்னொன்று, இது அம்மாவாகச் சொல்வது. 10.5 சதவீத ஏல் 33 சென்டிலிட்டரில் ஏறத்தாழ 27 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இந்த நாட்டில் ஓர் அளவு பானம் என்று கணக்கிடுவது 10 கிராமை. பீர் சுவைப்பவர்கள் துப்பக் கூடாது, கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்று உங்கள் கூடத்தில் யாராவது சொல்வார்கள். நான் ஆய்வகச் சுவைக்குழுவில் இருந்த காலமெல்லாம் துப்பித்தான் சுவைத்தேன்; ஒரே ஒரு சிறு மிடறை விழுங்குவது தீர்ப்புக்குப் போதுமானது. நம் வீட்டில் உனக்கு முன்னால் யாரும் இந்தத் தொழிலுக்குப் போனதில்லை. ஊரில் அத்தையும் மாமாவும் என்ன வேலை என்று கேட்கும்போது நான் எதையும் மறைப்பதில்லை, பீர் காய்ச்சும் வேலை என்றே சொல்கிறேன். நீ அதை நிதானமாகவும் நேர்மையாகவும் செய்கிறாய் என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கிறது. உன் உடம்பு அதற்கு விலையாகிவிடக் கூடாது என்பது மட்டுமே என் கவலை.

கலப்பை முடித்ததும் மூன்று சிறிய பாட்டில்கள் அனுப்பு: பீப்பாய் படாதது ஒன்று, பீப்பாயில் மட்டும் இருந்தது ஒன்று, நீ தேர்ந்தெடுத்த கலப்பு ஒன்று. மூன்றிலும் அடைத்த தேதியை மட்டும் ஒட்டு, எது எது என்று எழுதாதே. அப்பா இம்முறை முகர்ந்து மட்டும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா